கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் மகளுக்கு 15 வயது, பள்ளிக் கிரிக்கெட் அணியில் தொடக்க ஆட்டக்காரி. பெண்கள் மீதான வன்முறையைக் கண்டித்து, வருகிற சனிக்கிழமை ஆட்டத்தில் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்குவது என்று அணிப் பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். கோச் "விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தகப்பன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். "பெரிய வீரர்கள் செய்யலாம், அவர்களுக்குப் பேரும் பணமும் இருக்கிறது. அவர்கள் செய்ததிலேயே ஏதாவது மாறியதா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது எதற்கு? தடுக்கட்டுமா, விடட்டுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவள். அதற்கு முன்னால், உங்கள் மகள் வயதில், என் அண்ணன் ஆடிய கிரிக்கெட் சங்கத்துக்கு ஸ்கோர் எழுதியவள். தடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கோச் சொன்ன அந்த வாசகத்தை நான் முதலில் கேட்டது 1970இல், ரேடியோவில். தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி இங்கிலாந்து போகக் கூடாது என்று அங்கே மாணவர்கள் போராடி, கடைசியில் அந்தப் பயணமே ரத்தான வருஷம் அது. வெள்ளைக்காரர் சங்கத் தலைவர்களும் மந்திரிகளும் மாறி மாறி "விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்றார்கள். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1950இல் சட்டம் போட்டதும், எந்தக் கடற்கரையில் யார் குளிக்கலாம், எந்த வாசலில் யார் நுழையலாம் என்று 1953இல் சட்டம் போட்டதும் அதே ஆட்கள்தான். அவர்களுக்குப் புல்தரை ஆடுகளம் இருந்தது. நமக்கு இறுகிய மண்ணின் மேல் கயிற்றுப் பாய். சனிக்கிழமை விடிகாலையில் பையன்கள் அந்தப் பாயைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்து, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார்கள். ஓர் ஆணி கிளம்பியிருந்தால் பந்து ஆட்டக்காரர் முகத்துக்கு எகிறும். அண்ணனின் இடது புருவத்தில் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. அந்த ஆணியை அரசியல் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் அரசியல் ஆகிவிட்டது.

பாப்வா சேவ்கோலம் கதை உங்கள் மகளுக்குத் தெரியுமா? ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் போனால் அவர் பேரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர். டர்பன் பீச்வுட் மைதானத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டைப் பை தூக்கும் வேலை. பார்த்துப் பார்த்துத் தானாகவே ஆடக் கற்றுக்கொண்டார். வலக்கைக்காரர்கள் மட்டையைப் பிடிப்பதற்கு நேர்மாறாக இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பார். அவர் பை தூக்கிய கிரேயம் வுல்ஃப் என்ற வெள்ளைக்காரர் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1959இல் டச்சு ஓபன் பட்டத்தை வென்றார். 1960இலும் 1964இலும் மறுபடி அதே பட்டம்.

1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓபனில் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. ஜெயித்துவிட்டார். பரிசு கொடுக்கும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். பாப்வா உள்ளே போக முடியாது, நிறம் விடவில்லை. ஜெயித்தவருக்குக் கோப்பையை வெளியே, மழையில் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன் பிறகு போட்டிகளில் ஆடத் தடை, பாஸ்போர்ட்டும் பறிபோனது. 1978இல் ஏழையாகவே செத்துப்போனார்.

அவர் எந்த மேடையிலும் ஏறிப் பேசியவர் இல்லை. ஆடவிட்டால் போதும் என்றிருந்த மனிதர். ஆனாலும் மழையில் நனைந்த அந்தக் கோப்பை, நூறு கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதை ஒரே படத்தில் சொல்லிவிட்டது. கோச்சைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்: இந்த நாட்டில் அரசியல் மைதானத்துக்குள் எப்போதோ வந்துவிட்டது, அதைக் கொண்டுவந்தவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பெரிய வீரர்கள் செய்து ஏதாவது மாறியதா?

1968 மெக்சிகோ ஒலிம்பிக் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும், அமெரிக்கத் தேசிய கீதம் ஒலிக்கும்போது கறுப்புக் கையுறை மாட்டிய கையை உயர்த்தி, தலை குனிந்து நிற்கும் படம். ஷூ இல்லாமல் கறுப்பு சாக்ஸோடு மேடை ஏறினார்கள், தங்கள் மக்களின் வறுமையைக் காட்ட. இருந்தது ஒரே ஜோடி கையுறை. அதனால்தான் ஒருவர் வலக்கையையும் இன்னொருவர் இடக்கையையும் தூக்கியிருப்பார்கள். ஓரத்தில் ஒன்றும் செய்யாதவர் போல நிற்கும், வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் சட்டையிலும் அவர்களுடைய இயக்கத்தின் வட்டச் சின்னம் இருக்கிறது. பக்கத்தில் நின்றதற்கு அவரும் தன் ஊரில் விலை கொடுத்தார். 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் போய்ச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள்.

வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டி, "இவர்கள் என்ன கேட்டார்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். அமெரிக்கக் கறுப்பர்களுக்கு உரிமை என்பார்கள். அது சரி. ஆனால் அந்த இயக்கம் முன்கூட்டியே எழுதி வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் (இன்றைய ஜிம்பாப்வே) ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது என்பது. இன்னொன்று, வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக 1967இல் முகமது அலியிடமிருந்து பறித்த பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. சாட்ஸ்வர்த்திலும் சொவெட்டோவிலும் இருந்தவர்களுக்காக, நம்மைப் பார்த்தே இராத கலிஃபோர்னியா மாணவர்கள் கோரிக்கை எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும்.

அந்தக் கோரிக்கை அவர்கள் கைக்குப் போய்ச் சேர, முன்னால் எத்தனையோ பேர் உழைத்திருந்தார்கள். டென்னிஸ் புரூட்டஸ் என்ற பள்ளி ஆசிரியர், கவிஞர், நிறம் பார்க்கும் அணியை ஒலிம்பிக்குக்கு அனுப்பாதே என்று உலகம் முழுக்கக் கடிதம் எழுதினார். 1963இல் ஜோகன்னஸ்பர்க் தெருவில் போலீஸ் அவரைச் சுட்டது. உயிர் பிழைத்தவரை ராபன் தீவுச் சிறைக்குக் கல் உடைக்க அனுப்பினார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை என்ற செய்தி அவருக்கு அங்கேதான் எட்டியது, கையில் சுத்தியலோடு இருந்தபோது. நம் டர்பனில் எம்.என். பத்தர் என்றொரு டென்னிஸ்காரர் இருந்தார். இனம் பார்க்காத விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் 1973இல் ‘சாக்கோஸ்’ என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது அதன் செயலாளர் அவர்தான். வெளிநாடு போய் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பாஸ்போர்ட் கொடுக்கவில்லை. நீச்சல் சங்கத்தின் மார்கன் நாயுடுவுக்கு 1973இல் தடை உத்தரவு. சாம் ராம்சாமி நாட்டை விட்டே போய் லண்டனிலிருந்து இந்த வேலையைச் செய்தார், 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துப் போனவரும் அவரே. வீரன் கையை உயர்த்தும் அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பத்து வருஷ, இருபது வருஷ உழைப்பு இருக்கிறது. பேர் பெற்றவர் செய்தால் மட்டும் மாறிவிடுமா என்றால், மாறாது. இவர்கள் உழைத்துக்கொண்டே இருந்து, பேர் பெற்றவர் யாரும் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் மாற்றம் இன்னும் எத்தனையோ வருஷம் தள்ளித்தான் வந்திருக்கும்.

எங்கேயோ இருந்தவர்கள் நமக்காக எதை எல்லாம் விட்டுக் கொடுத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்தது. சென்னைக்காரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய அணி. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா அந்தக் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. அன்றைக்கு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மெட்ராஸ் பையங்க நமக்காகக் கோப்பையை விட்டுட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். முடிவு எடுத்தது அரசு என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அபூர்வமாக வரும் வாய்ப்பைப் பறிகொடுத்தவர்கள் அந்த இளைஞர்கள். ஊர்ப் பேர் தெரியாத தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே யாரோ எங்களை நினைத்தார்கள் என்பதே அப்பாவுக்குப் பெரிய விஷயம்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இன்னும் பெரிதாக நடந்தது. நியூசிலாந்து ரக்பி அணி இங்கே வந்து ஆடியது என்பதற்காக, இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கையே விட்டு வெளியேறின. தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி 1500 மீட்டரில் உலக சாதனையாளர். 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்தின் ஜான் வாக்கரை முந்தித்தான் அந்தச் சாதனையைச் செய்தார். மாண்ட்ரியலில் பாயி இல்லை, வாக்கர் தங்கம் வாங்கினார். உகாண்டாவின் ஜான் அகி-புவா முந்தைய ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத் தங்கம் வென்றவர். பட்டத்தைக் காக்க அவரும் ஓட முடியவில்லை. ஓடாத ஓட்டத்துக்குப் படம் கிடையாது, பதக்கம் கிடையாது. டர்பனில் அவர்களுக்கு ஒரு தெருப் பேர்கூட நாம் வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் குறைதான்.

இந்த இடத்தில்தான் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா மாநகராட்சித் தொழிலாளி. மேகசின் பாராக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்களை 1960களில் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள், எங்களையும் சேர்த்து. 1976–77 வாக்கில் வெள்ளைக்காரர் கிரிக்கெட் சங்கங்கள் ‘நார்மல் கிரிக்கெட்’ என்று ஒன்றைத் தொடங்கின. நிறம் பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக ஆடலாம் என்றார்கள். ஆட்டம் ஒன்றாக, மற்றதெல்லாம் பழையபடி. கேப்டவுனின் கிரிக்கெட் சங்கத் தலைவர் ஹசன் ஹோவா அப்போது சொன்னது எங்கள் வீட்டுச் சுவரில் அண்ணன் கையெழுத்தில் ஒட்டியிருந்தது: சமூகம் சீர்கெட்டுக் கிடக்கும்போது விளையாட்டு மட்டும் சீராக இருக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு வெள்ளைக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். எந்தச் சங்கம் என்பது இப்போது வேண்டாம். மரியாதையானவர்கள்தான். அம்மா விருந்தாளிக் கோப்பைகளை எடுத்து டீ கொடுத்தார். புல்தரை ஆடுகளம், பயிற்சி வலை, புது மட்டை, போக வரச் செலவு, நன்றாக ஆடினால் அடுத்த வருஷம் மாகாண அணி என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு 22 வயது, துணி ஆலையில் வேலை. சனிக்கிழமை மாலை அவர் அடித்த ஓட்டங்களை என் ஸ்கோர் புத்தகத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்ப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆட்டம் முடிந்து நான் எங்கே போவேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வந்தவர்களுக்குப் புரியவில்லை. "வீட்டுக்குத்தான்" என்றார் ஒருவர். "அந்த வீடு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்?" என்றார் அண்ணன். அதற்கு மேல் பேச்சு நீளவில்லை. டீ பாதியோடு கிளம்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "மட்டை தர்றோம்னாங்களேப்பா" என்றார்.

"மட்டை தர்றாங்கம்மா. வீட்டைத் திருப்பித் தருவாங்களா?"

எங்கள் சித்தப்பா போனார். அவருக்கு அப்போது 34 வயது. உடம்பு ஓய்வதற்குள் ஒரு தடவையாவது புல்தரையில் பந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. சாக்கோஸ் விதி கடுமையானது. அந்தப் பக்கம் ஆடப் போனவர்களோடு ஒட்டுறவு கூடாது. எங்கள் சங்கத்திலிருந்து பேரை அடித்தார்கள். அண்ணனும் சித்தப்பாவும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பாட்டி கருமாதியில்தான் பேச்சு தொடங்கியது. சித்தப்பாவைத் துரோகி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த விதியால் சில நல்ல மனிதர்களையும், ஆட ஆசைப்பட்ட பல பிள்ளைகளையும் காயப்படுத்தினோம் என்பது என் கருத்து. ஆனால் அண்ணன் செய்தது சரி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டும் என் மனசில் சேர்ந்தே இருக்கின்றன.

பேர் வந்த பிறகு அதைப் பயன்படுத்திப் போராடுவது ஒன்று. பேர் வரப்போகும் வாசலிலேயே வேண்டாம் என்று திரும்புவது இன்னொன்று. நம் ஊரில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவது. டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கால்பந்து ஆட்டங்களில் ஆடியவர்கள், நமக்கென்று இருந்த இந்தியர் கோப்பைகளையும் இந்தியர் லீக்கையும் கைவிட்டுக் கறுப்பர்களோடும் ‘கலர்ட்’ (கலப்பினத்தார்) என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் சேர்ந்து சங்கம் அமைத்தவர்கள். அவர்களில் பலர் எந்த நாட்டு அணியிலும் ஆடி இருப்பார்கள். யாருக்கும் பேர் வெளியே தெரியாது. ‘பேர் இருக்கிறவர்கள் செய்யலாம், நாம் எதற்கு’ என்று கேட்கிறீர்களே தம்பி, அதற்கு இதுதான் என் பதில். இங்கே பேர் இல்லாதவர்கள்தான் முதலில் செய்தார்கள்.

வெள்ளைக்கார வீரர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 1971 ஏப்ரலில் கேப்டவுன் நியூலாண்ட்ஸில் மைக் புரோக்டர் முதல் பந்தைப் போட்டதும், ஆட்டக்காரர்கள் எல்லாரும் மைதானத்தை விட்டு வெளியேறி, அணித் தேர்வில் திறமை மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஆடினார்கள். அன்றைய நிலையில் அதற்கும் துணிச்சல் வேண்டும். ஆனால் பாயில் ஆணி அடித்து வளர்ந்தவனையும் புல்தரையில் கோச் வைத்து வளர்ந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தித் திறமையைப் பார் என்றால் எப்படி என்று எங்கள் பக்கம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை. போர்ட் எலிசபெத்தில் வாட்சன் சகோதரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வெள்ளைக்காரப் பையன்கள், ரக்பியில் நல்ல எதிர்காலம் இருந்தது. 1976இல் அதை உதறிவிட்டு நியூ பிரைட்டன் போய்க் கறுப்பர்களின் அணியில் ஆடினார்கள்.

பேர் பெற்றவர்களில் நான் மிகவும் மதிப்பது ஆர்தர் ஆஷை. அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர். பலமுறை விசா மறுத்து, 1973இல்தான் அவரை உள்ளே விட்டார்கள். பார்வையாளர்கள் நிறம் பார்க்காமல் கலந்து உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தார். அது முழுசாக நடக்கவில்லை. நீ வந்து ஆடுவதால் இந்த ஆட்சிக்குத்தான் நல்ல பேர் என்று இங்கேயே பல கறுப்பர்கள் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். பிறகு அவரே புறக்கணிப்பை ஆதரித்தார். 1983இல் நிறவெறிக்கு எதிராகக் கலைஞர்களையும் வீரர்களையும் சேர்த்து அமைப்பு தொடங்கினார். 1985இல் வாஷிங்டன் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் கைதானார். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டுத் தன் வழியை மாற்றிக்கொண்ட அந்தப் பணிவு எல்லாருக்கும் வராது.

உங்கள் மகள் செய்ய நினைப்பதற்கு மிக அருகில் வருவது 2003இல் நடந்தது. அந்த உலகக் கோப்பை நம் நாட்டிலும் ஜிம்பாப்வேயிலும் கென்யாவிலும் நடந்தது. பிப்ரவரி 10ஆம் தேதி ஹராரேயில் நமீபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஹென்றி ஓலோங்காவும் ஆண்டி ஃபிளவரும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர், மற்றவர் அந்த நாட்டின் தலைசிறந்த மட்டைக்காரரான வெள்ளையர். ஆட்டம் தொடங்கும் முன்பே ஓர் அறிக்கை எழுதிப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்துவிட்டார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்ததற்குத் துக்கம் காக்கிறோம் என்பதுதான் சாரம். ஓலோங்காவுக்குக் கொலை மிரட்டல் வந்தது. நாட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. 26 வயதில் அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்துபோனது. அந்த நாட்டு அதிபர் முகாபேயின் ஆட்சி அதற்குப் பிறகும் 14 வருஷம் நீடித்தது. பட்டை கட்டியதால் ஆட்சி கவிழவில்லை. ஆனால் உலகம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்த ஆட்சி போட நினைத்த வேஷத்தை இரண்டே பேர் கலைத்துவிட்டார்கள்.

காலின் கேப்பர்னிக்கும் அப்படித்தான். 2016இல் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் தேசிய கீதத்தின்போது, போலீஸ் கறுப்பர்களைக் கொல்வதை எதிர்த்து முதலில் உட்கார்ந்தார், பிறகு ஒற்றை முழங்காலில் மண்டியிட்டார். அந்தப் பருவம் முடிந்த பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு உலகம் முழுக்க வீரர்கள் மண்டியிட்டார்கள். நான்கு வருஷம் முன்னால் மண்டியிட்டவர் அப்போதும் வேலையில்லாமல்தான் இருந்தார்.

இங்கே அந்த ஜூலையில் நம் கிரிக்கெட் வீரர் லுங்கி இங்கிடி, நம் அணியும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னார். கேட்டது அவ்வளவுதான். பழைய வெள்ளைக்கார வீரர்கள் சிலர் அவர்மேல் பாய்ந்தார்கள். உடனே கறுப்பின, ‘கலர்ட்’, இந்திய முன்னாள் வீரர்கள் முப்பது பேருக்கு மேல் அவர் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் மகாயா நிட்டினி வாய் திறந்தார். 390 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். அணியில் இருந்தபோது சாப்பிடக் கூப்பிட யாரும் தன் கதவைத் தட்டியதில்லை என்றார். பையை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஹோட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போவாராம். உடற்பயிற்சிக்காக ஓடுகிறார் என்று நாங்கள் எல்லாரும் டிவியில் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் தன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் ஓடியிருக்கிறார். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் பேர் பெற்றவர்தான், தம்பி. இருந்தும் அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆனது, இளையவன் ஒருவன் முதலில் பேச வேண்டியிருந்தது.

நம் கிரிக்கெட் வீரர் குயின்டன் டி காக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது கோச்சுக்கும் பயன்படும். 2021 அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டத்தன்று காலையில், எல்லாரும் மண்டியிட்டே ஆக வேண்டும் என்று வாரியம் உத்தரவு போட்டது. டி காக் அந்த ஆட்டத்திலிருந்து விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். விலகியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உத்தரவு போட்டு மண்டியிட வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒருவன் தானாக மனமுவந்து செய்யாவிட்டால் அது எதிர்ப்பே இல்லை. உங்கள் மகள் அணியில் ஒரு பெண் கட்ட விருப்பமில்லை என்றால் அவளை யாரும் வற்புறுத்தக் கூடாது. அவளைத் தள்ளி வைக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் நடந்த ஒன்பது வருஷம் போதும்.

நீங்கள் ஃபீனிக்ஸ்காரர் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் உங்கள் பகுதியில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டபோது, நம்மவர்களில் பலர் நம் கடைகளையும் நம் பயத்தையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். நானும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. பாயியும் அமிர்தராஜும் நமக்காக விட்டுக் கொடுத்ததை வகுப்பில் சொன்னவள் நான். அடுத்தவர் வலிக்கு நம் பிள்ளைகள் ஒரு கறுப்புத் துணியைக் கட்டப் போகிறார்கள் என்றால், நாம் செய்யத் தவறியதை அவர்கள் செய்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மகளை உட்கார வைத்து, யாருக்காகக் கட்டுகிறாய் என்று கேளுங்கள். தெரிந்த ஒரு பெண்ணின் முகம் அவள் மனசில் இருந்தால் நல்லது. ஆனால் அந்தப் பெண்ணின் பேரை அவள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்களோடு வேலை செய்யும் யாரையாவது அணிப் பெண்கள் போய்ப் பார்க்கட்டும், என்ன உதவி தேவை என்று கேட்கட்டும். ஓலோங்கா செய்தது போல, எதற்காகக் கட்டுகிறோம் என்று ஐந்தாறு வரி தாங்களே எழுதி, கோச்சிடமும் தலைமை ஆசிரியரிடமும் ஆட்டத்துக்கு முன்பே கொடுக்கட்டும். திடீரென்று மைதானத்தில் பார்த்தால் கோச்சுக்கு அவமானமாகத் தோன்றும், முன்னாலேயே தெரிந்தால் பேச இடம் இருக்கும். எதிரணிப் பெண்களையும் கேட்கச் சொல்லுங்கள். அவர்களும் கட்டினால் அது ஓர் அணியின் பிடிவாதமாக இருக்காது. பள்ளி அதற்கும் மறுத்து, கட்டினால் அணியில் இடமில்லை என்று சொன்னால், அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். நீங்கள் அவளுக்காக முடிவு செய்யாதீர்கள். எந்த முடிவு எடுத்தாலும் வீட்டில் அவளுக்குச் சோறும் மரியாதையும் குறையாது என்று மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மா அன்றைக்குப் புலம்பினாலும், சாயங்காலம் அண்ணனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

சனிக்கிழமை கடையை யாரிடமாவது விட்டுவிட்டு, நீங்களும் ஆட்டத்துக்குப் போய் எல்லைக்கோட்டருகே உட்காருங்கள்.

இந்தப் பதிலை எழுதும் முன் அண்ணனுக்குப் போன் செய்து உங்கள் மகளைப் பற்றிச் சொன்னேன். எழுபது தாண்டிவிட்டார், முழங்கால் வலி, வீட்டை விட்டுக் கிளம்புவதே அபூர்வம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எந்த மைதானம், எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவள் முதல் ஆளாக இறங்குகிறாளா என்றும் கேட்டார். தகவல் அனுப்புங்கள் தம்பி, நான் அழைத்து வருகிறேன். ஸ்கோர் எழுத ஆள் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.